லாங்குவேஜ் இல்லாமல் ஒரு புரோகிராமிங் கிளாஸ்

போன மாதம் ஒரு போன். ரெட்டியார்சத்திரம் தாண்டி, தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு இன்ஜினீயரிங் காலேஜின் தாளாளர். நூல் மில் முதலாளியாக இருந்து கல்விக்கு வந்தவர்.

"மேடம், நீங்க பெங்களூர்ல சாஃப்ட்வேர்ல இருந்துட்டு நம்ம திண்டுக்கல்லுக்கே வந்துட்டீங்களாம்ல? நம்ம ஸ்டாஃபுக்கு ஒரு வாரம் டிரெய்னிங் குடுக்கணும். அடுத்த வருஷத்துல இருந்து ஃபர்ஸ்ட் இயருக்கு 'சி' கிடையாது, பைத்தான்தான்னு முடிவு பண்ணிட்டோம்."

"நல்லது சார். ஏன் மாத்துறீங்க?"

"எதிர்த்த காலேஜ்காரன் மாத்திட்டான்."

பாடத்திட்டத்தை மாற்ற இதைவிட ஆழமான காரணம் வேண்டுமா என்ன?

"வாரேன் சார். ஆனா நான் லாங்குவேஜ் எதுவும் சொல்லித் தர மாட்டேன். ஒரு புரோகிராமை எழுதறதுக்கு முன்னாடி எப்படி யோசிக்கணும், எப்படி வடிவமைக்கணும்... அதை மட்டும்தான் எடுப்பேன்."

தாளாளருக்கு ஒரு சந்தேகம்.

"லாங்குவேஜ் இல்லாமன்னா... தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?"

"தமிழ்ல பேசுவேன் சார். கம்ப்யூட்டர் லாங்குவேஜ் கிடையாது."

"அப்ப பேனர்ல என்னன்னு போடுறது?"

நியாயமான கவலை. பேனர் இல்லாமல் இந்த ஊரில் காது குத்தே நடக்காது, கல்வி நடக்குமா? முதல் நாள் போய் இறங்கினால், கேட்டில் பெரிய பேனர். 'மாபெரும் பைத்தான் பயிற்சி முகாம்'. ஒரு பக்கம் என் போட்டோ. மறு பக்கம், டிசைன் செய்த தம்பி இன்டர்நெட்டில் 'பைத்தான்' என்று தேடிப் போட்ட ஒரு நிஜ மலைப்பாம்பு. என்னைவிட அது சிரித்த முகமாக இருந்தது.

சாஃப்ட்வேர் பக்கம் வராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல நிறைய லாங்குவேஜ்கள் இருக்கின்றன. சி, ஜாவா, பைத்தான்... சில வருஷத்துக்கு ஒரு முறை ஒன்று ஃபேஷனாகும், இன்னொன்று பழசாகும். ஆனால் எதில் எழுதினாலும் முதலில் சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே என்ன வருகிறது? வெளியே என்ன வர வேண்டும்? நாம் நினைக்காத ஒன்று வந்து நின்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கு ஃபேஷன் கிடையாது. அதனாலோ என்னவோ இவற்றைச் சொல்லித்தர ஆளும் கிடையாது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கும் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகளைப் பாருங்களேன்... டிபன் கடை மெனு மாதிரி லாங்குவேஜ் பெயர்கள் வரிசையாக இருக்கும். 'இங்கு யோசிக்கக் கற்றுத் தரப்படும்' என்று ஒரு போர்டு பார்த்திருக்கிறீர்களா?

கிளாஸுக்கு வருவோம்.

முதல் வேலையாக, அந்த வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் லேபைப் பூட்டிவைக்கச் சொன்னேன். லேப் அசிஸ்டென்ட் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கோயில் நடையைச் சாத்தச் சொன்னால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

வந்திருந்த ஆசிரியர்களில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் தங்கவேல். பழனிப் பக்கம் கீரனூர்க்காரர். ஐம்பது வயது. இருபது வருஷமாக 'சி' எடுக்கிறார். மாணவர்கள் வைத்த பெயர் 'சி சார்'. இன்னொருவர் ரிஸ்வானா. திண்டுக்கல் டவுன், பேகம்பூர். அவரது அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தோல் வியாபாரம். வயது முப்பதுக்குள். பைத்தானில் புலி. ஹெச்.ஓ.டி.யின் செல்லம். இருவருக்கும் ஸ்டாஃப் ரூமில் ஒரே மேஜை. பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

"சார்கிட்டதான் மேடம் நான் சி படிச்சேன்" என்றார் ரிஸ்வானா முதல் நாளே, அவரை வைத்துக்கொண்டே. "அப்ப ஒண்ணுமே புரியல."

"பாஸ் பண்ணிட்டியல்ல?" என்றார் தங்கவேல்.

"அதான் சார் ஆச்சரியம்."

இன்டர்வெலில் தங்கவேல் என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க மேடம், கடைசி நாள் எல்லாரும் டெமோ கிளாஸ் எடுக்கோணுமாம். சரியா எடுக்காதவங்களை அட்மின் வேலைக்கு மாத்தீருவாங்களாம். ஹாஸ்டல் பாத்துக்கச் சொல்லீருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க. எனக்கு இந்தப் பைத்தான் அரைகுறைதானுங்க. நீங்களோ லேபையும் பூட்டீட்டீங்க..."

குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இருபது வருஷம் போர்டுக்கு முன்னால் நின்ற மனிதர், ஹாஸ்டலில் மோட்டார் போட்டு நிறுத்துகிற வேலைக்குப் போகப்போகிறோமா என்று கேட்கிறார். பெண் வேறு பிளஸ் டூ படிக்கிறாள்.

"ஒரு வாரம் பொறுங்க சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

முதல் கணக்கு கொடுத்தேன். கல்யாண மண்டபம். சாப்பாட்டுப் பந்தி. காத்திருக்கும் கூட்டத்தைப் பந்தி பந்தியாக உட்காரவைத்து, எல்லோரும் சாப்பிட்டதும் சமையற்காரரிடம் 'போதும்' என்று சொல்ல வேண்டும். இதற்கான வழிமுறையை வெறும் தமிழில், பேப்பரில் எழுதுங்கள்.

ஐந்து நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். தங்கவேல் பேப்பரில் முதல் வரி '#include', சி-யில் போடும் பிள்ளையார் சுழி. ரிஸ்வானா பேப்பரில் முதல் வரி 'import', அது பைத்தானின் பிள்ளையார் சுழி.

"பந்தியில உக்கார வைக்க எதும்மா இம்போர்ட் பண்ணப் போற?"

"லைப்ரரி மேடம். ரெடிமேடா எழுதி வச்ச புரோகிராம்."

"எதுக்கு?"

யோசித்தார். "...எப்பவும் பண்ணுவோம் மேடம்."

எல்லோரையும் முதல் வரியை அடிக்கச் சொன்னேன். பிறகு, எழுதுவதற்கு முன்னால் ஆளுக்கு நாலு உதாரணம் கேட்டேன். இத்தனை பேர் காத்திருந்தால் இத்தனை பந்தி என்று. எல்லோரும் நூறு, இருநூறு, ஐநூறு என்று போட்டார்கள். ஒருவர்கூடப் பூஜ்யம் போடவில்லை.

"யாருமே வரலைன்னா?"

"கல்யாணத்துக்கு யாரும் வராம இருப்பாங்களா மேடம்?" என்றார் தங்கவேல்.

"வரலைன்னு வச்சுக்கங்க. நீங்க எழுதினது என்ன பண்ணும்?"

பேப்பரின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கீழே வந்ததும் மறுபடி மேலே போனார். மறுபடி இறங்கினார். முகம் மாறியது.

"மொதல்ல பந்தியைப் போட்டுக் கழிச்சுட்டு, அப்பறந்தான் பூஜ்யமாச்சான்னு பாக்குதுங்க; பூஜ்யத்துலயே ஆரம்பிச்சா நிக்கவே நிக்காதுங்க. ஆளில்லாத எலையில சோத்தைப் போட்டுக்கிட்டே இருக்குமுங்க."

கிளாஸே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு சி தெரியும்னு நெனச்சுட்டிருந்தேனுங்க. செமிகோலன் எங்க வைக்கோணும்னுதான் தெரிஞ்சிருக்குது."

பக்கத்தில் ரிஸ்வானா தன் பேப்பரைத் திருப்பிக் கவிழ்த்து வைத்ததை நான் பார்த்தேன். ஆளில்லாத இலையில் அங்கேயும் சோறு விழுந்துகொண்டிருந்தது. நாகரிகமாக, பைத்தானில்.

அடுத்த நாளும் இப்படியே போனது. இரண்டு பேரும் ஒருவர் பேப்பரில் மற்றவர் ஓட்டை கண்டுபிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். பகை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுவதைப் பார்ப்பது சந்தோஷம்தானே?

அதற்கும் அடுத்த நாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது ஆபீஸ் ரூமிலிருந்து ஒரே சத்தம்.

"எம்புள்ள பேரே உங்க மிஷின்ல இல்லையாம்ல? ஆறு மாசமா பீஸ் கட்டுறேன், அப்ப மட்டும் பேரு இருந்துச்சா?"

கத்திக்கொண்டிருந்தவர் கொடைரோடு பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவர் மகள் பவித்ரா. டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் வருஷத்தில் சேர்ந்த பெண்.

நடந்தது இதுதான். காலேஜ் பஸ்ஸுக்கு ஒரு ஆப் இருக்கிறது. பழைய மாணவர்கள் புராஜெக்டாகச் செய்தது. மாணவர்கள் பஸ்ஸில் ஏறும்போது ஐ.டி. கார்டைக் காட்ட வேண்டும். சாயங்காலம், அன்று காலேஜுக்கு வந்தவர்களில் அந்த ரூட்டில் போக வேண்டிய எல்லோரும் ஏறியதும் டிரைவர் போனில் பச்சை எரியும். பச்சை எரிந்தால்தான் கிளம்பலாம். எரிந்தால் நிற்கவும் கூடாது. தாளாளரின் கண்டிப்பான உத்தரவு.

பவித்ரா வகுப்புகள் தொடங்கிய பிறகு சேர்ந்தவள். ஆபீஸில் அவளுக்கு ஸ்டாப் எது என்று பதியவே இல்லை, அந்த இடம் காலி. ஸ்டாப் இல்லாததால் எந்த பஸ்ஸின் லிஸ்டிலும் அவள் இல்லை. சீக்கிரமே வந்து ஏறிக்கொள்வதால் யாருக்கும் இது தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கக் கொஞ்சம் தாமதம். அதற்குள் பச்சை எரிந்துவிட்டது. டிரைவருக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். முன்பென்றால் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருப்பார். இப்போதுதான் பச்சை எரிகிறதே?

நல்ல மழை. போனில் சார்ஜ் இல்லை. வாட்ச்மேன் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் டூ வீலரில் அந்த மழையில் கொடைரோட்டிலிருந்து வந்து சேரும் வரைக்கும் அந்தப் பெண் கேட்டருகில் நனைந்தபடி நின்றிருக்கிறாள். அந்த மலைப்பாம்பு பேனருக்குக் கீழேதான்.

அவசர மீட்டிங். தாளாளர், ஹெச்.ஓ.டி., தங்கவேல், ரிஸ்வானா, நான். பவித்ராவின் அப்பா போக மாட்டேன் என்று மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அங்கேயே ஒரு சேரில் உட்கார்ந்துவிட்டார்.

ஹெச்.ஓ.டி. நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "சார், அந்த ஆப் ஜாவால எழுதினது. பழைய டெக்னாலஜி. அதான் பிரச்சினை."

தாளாளர் மேஜையைத் தட்டினார். "அப்பவே நெனச்சேன்!"

"பைத்தானுக்கு மாத்திடலாம் சார். மாத்தவே மாத்திட்டேன்." லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "பழைய புரோகிராமை ஏ.ஐ.கிட்ட குடுத்து, பைத்தான்ல எழுதுன்னு சொன்னேன். டீ ஆறுறதுக்குள்ள குடுத்துடுச்சு. ரிஸ்வானா மேடம் ஒரு தடவை பாத்துட்டாங்கன்னா இன்னைக்கே போட்டுடலாம்."

"சபாஷ். ரிஸ்வானா, இனிமே பஸ் ஆப்புக்கு நீங்கதான் இன்சார்ஜ்" என்றார் தாளாளர். "தங்கவேல், நீங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கங்க."

தங்கவேல் சேரோடு ரிஸ்வானா பக்கம் தள்ளி உட்கார்ந்தார். ரிஸ்வானா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். மூன்று நாளைக்கு முன்னால் என்றால் அவருக்கு இது பண்டிகை. இப்போது விரலை ஸ்கிரீனில் வைத்து மெதுவாக ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"சார், ஒரு ரூட்டோட லிஸ்டை எடுக்குது. அதுல எல்லாரும் ஏறிட்டாங்களான்னு பாக்குது. ஸ்டாப்பே இல்லாத புள்ளை எந்த லிஸ்ட்ல வரும்?"

"ஸ்டாப் இல்லாம எப்படிம்மா ஒரு ஸ்டூடன்ட் இருப்பாங்க?" என்றார் ஹெச்.ஓ.டி.

"இதோ இருக்காளே சார்."

எல்லோரும் பவித்ராவைப் பார்த்தோம். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"இது பழைய புரோகிராமேதான் சார். தப்பையும் சேர்த்து அழகா மொழிபெயர்த்திருக்கு. பைத்தான்ல எழுதினாலும் இந்தப் பொண்ணு கேட்லதான் நிப்பா."

தாளாளர் முன்னால் ஹெச்.ஓ.டி.யை மறுத்துப் பேசுவது அந்தக் காலேஜில் வழக்கமில்லை. கையில் கொடுத்த பொறுப்பைக் கொடுத்த நிமிஷத்திலேயே கீழே வைப்பது அதைவிட வழக்கமில்லை. ரிஸ்வானா லேப்டாப்பை ஹெச்.ஓ.டி. பக்கமே திருப்பி வைத்தார்.

அப்போது தங்கவேல் எழுந்தார். "ஆமாங்க சார். சி-ல எழுதினாலும் அப்படித்தானுங்க ஆகும்."

சி-யால் ஆகாத ஒரு காரியம் இருக்கிறது என்று தங்கவேல் ஒப்புக்கொண்டதை அந்தக் காலேஜ் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டது. ரிஸ்வானா திரும்பி அவரைப் பார்த்தார்.

தாளாளருக்கு எரிச்சல். "அப்ப எந்த லாங்குவேஜ்ல எழுதினாத்தான்ய்யா பஸ்ஸு நிக்கும்?"

இந்தக் கேள்விக்காக அவருக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுக்கலாம். நம் நாட்டில் பாதி மீட்டிங்குகள் இந்தக் கேள்வியோடுதான் முடிகின்றன.

பவித்ராவின் அப்பா சேரை நகர்த்தினார். "ஐயா, நீங்க எதுல வேணாலும் எழுதுங்க. இனிமே எம்புள்ள பஸ்ல வருவாளா மாட்டாளா?"

"இன்னைக்கு டிரைவர் அண்ணன்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றார் ரிஸ்வானா. "ஆப்பை சரி பண்ண எங்களுக்கு ரெண்டு நாள் வேணும்."

"மாத்தறதுக்கு டீ ஆறுற நேரம், சரி பண்ண ரெண்டு நாளா?" தாளாளர்.

"யோசிக்கத்தான் சார் ரெண்டு நாள். எழுதறதுக்கு ஒரு மணி நேரம் போதும்."

"தலைகீழா சொல்றியேம்மா..."

அந்த இரண்டு நாளும் எங்கள் கிளாஸ் முழுக்க பஸ்தான். பந்தியை மூட்டை கட்டிவிட்டோம். சாயங்காலம் கேட்டில் யார் யாரெல்லாம் இருக்கலாம், யாரெல்லாம் இல்லாமல் போகலாம் என்று தங்கவேல் டிரைவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்தார். காய்ச்சல் என்று மதியமே வீட்டுக்குப் போன பெண்ணுக்காக ஒரு பஸ் அரை மணி நேரம் நின்ற கதை வெளியே வந்தது. பச்சை எரியவே இல்லையாம். டிரைவர் போன் பண்ணினால், "அண்ணே, நான் வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு இருக்கேன்" என்றாளாம். அக்கா வீட்டுக்குப் போக வேறு ரூட்டில் ஏறுகிறவர்கள், கார்டைத் தொலைத்தவர்கள், ஃபிரெண்டின் பைக்கில் ஏறிப்போய் அதை வீட்டில் சொல்லாதவர்கள்... ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று இருவரும் சண்டை போட்டார்கள். இப்போது போட்டது நல்ல சண்டை. பஸ்ஸைப் பற்றி.

டெமோ நாள் வந்தது. முதல் வருஷப் பிள்ளைகள் நிறைந்த கிளாஸ். பின் பெஞ்சில் தாளாளரும் ஹெச்.ஓ.டி.யும்.

தங்கவேல் போர்டுக்கு முன்னால் வந்து நின்றார். எந்த லாங்குவேஜின் பெயரையும் சொல்லவில்லை. "ஏனுங்க கண்ணுகளா, சாயங்காலம் பஸ்ஸுக்கு யாரெல்லாம் நிப்பீங்க?" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "சார், பஸ்ஸே பிரேக்டவுன் ஆச்சுன்னா?" என்று ஒருவன். "சார், ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா?" என்று ஒருத்தி. கடைசி பெஞ்சில் வழக்கமாகத் தூங்குகிறவன், "சார், டிரைவர் வரலைன்னா?" என்றான். தங்கவேல் எல்லாவற்றையும் போர்டின் நடுவில் தமிழில் எழுதிக்கொண்டே போனார். சட்டையெல்லாம் சாக்பீஸ். இருபது வருஷத்தில் அவர் கிளாஸில் மாணவர்கள் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை என்று ரிஸ்வானா என் காதில் சொன்னார்.

கடைசியில் ரிஸ்வானாவைக் கூப்பிட்டார். நடுவில் இருந்ததைப் பார்த்து தங்கவேல் இடது ஓரத்தில் சி-யில் எழுத, ரிஸ்வானா வலது ஓரத்தில் பைத்தானில் எழுதினார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தாளாளர் எழுந்தார். "ரெண்டுல எது சரி?"

"ரெண்டும் சரிதானுங்க."

"ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுமா?"

"ஆமாங்க சார்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேருக்குச் சம்பளம்?"

தங்கவேலின் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. மில் முதலாளி மூளை, இப்படித்தானே வேலை செய்யும்? நான் எழுந்தேன்.

"சார், ஓரத்துல இருக்கறதை மெஷின் சும்மாவே எழுதித் தரும். அன்னைக்கு மீட்டிங்ல பாத்தீங்க. நடுவுல இருக்கே... அதை அது தரலை. அதை இந்தப் பிள்ளைங்க வாயில இருந்து வர வைக்கத்தான் சார் ஆள் வேணும். ஒருத்தர் போதாது, ரெண்டு பேர் சண்டை போட்டாத்தான் அது வரும்."

தாளாளர் போர்டின் நடுவில் இருந்ததைப் படித்தார். அங்கே முதல் வரி இப்படி இருந்தது: 'ஸ்டாப் பதியாத ஒருவர் இருந்தாலும் பச்சை எரியாது. ஆபீஸுக்கு போன் போகும்.'

"பவித்ரா நேத்து பஸ்ல போனாளா?"

"டிரைவர் பக்கத்து சீட்ல உக்காந்து போனா சார்" என்றார் ரிஸ்வானா.

"ம்..." என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு. "தங்கவேல், அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் இயரை நீங்களும் இந்தப் பொண்ணும் சேந்து பாருங்க. முதல் ரெண்டு மாசம் இந்த நடு போர்டு சமாச்சாரம்."

ஹாஸ்டல் மோட்டார் தப்பித்தது. கிளாஸ் முடிந்து வராந்தாவில் தங்கவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். ரிஸ்வானா தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, இன்னொரு டீ வாங்கப் போனார்.

அதோடு விட்டிருந்தால் நல்ல கதை. ஆனால் நேற்று தங்கவேல் போன் செய்தார். அட்மிஷன் ஆரம்பித்துவிட்டதாம். மகனைச் சேர்க்க வந்த ஒட்டன்சத்திரத்து அப்பா ஒருவரிடம் இந்தப் புதுப் பாடத்தைப் பற்றி உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு மாசம் கம்ப்யூட்டரைத் தொடாமல் யோசிக்கக் கற்றுத் தருவோம் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாராம்:

"ஏனுங்க சார், யோசிக்கறதுக்குத் தனியா ஃபீஸ் ஏதும் வருங்களா?"

தாளாளருக்கு இந்தப் பத்தியை யாரும் காட்டிவிடாதீர்கள்... இதுவரை அவருக்கு அந்த யோசனை வரவில்லை!